கோலும் கல்லும்: அளவைக் கள்ளத்தின் கதை

களவு பலவகைப்படும். பூட்டை உடைத்துப் புகும் களவு உண்டு. வழிமறித்துப் பறிக்கும் களவு உண்டு. இவற்றைச் செய்வோன் இருளையும் தனிமையையும் நாடுகின்றான். இழந்தோனும் தன் இழப்பை விடிந்ததும் அறிந்து கூக்குரல் இடுகின்றான். வேறொரு களவோ பட்டப்பகலில், கடைத்தெருவின் நடுவில், இழப்போன் கண்ணெதிரே நடைபெறுவது. இழந்தோன் இழந்ததை அறியாமலே பையைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்புகின்றான். மறுநாளும் அதே கடைக்கு வருகின்றான். அளவிலும் நிறையிலும் செய்யப்படும் கள்ளமே அக்களவு.

அன்றாட வாழ்வில் மனிதர் ஒருவரையொருவர் ஏமாற்றும் வழிகளுள் இது மிகப் பழையது. 'அற்பம்' என்று யாவரும் தள்ளிவிடுவதாலேயே இது நெடுங்காலம் உயிர்வாழ்கின்றது. இக்கள்ளம் எங்ஙனம் செய்யப்படுகின்றது, யாரை வருத்துகின்றது, முன்னோர் இதனை எவ்வாறு தடுக்க முயன்றனர் என்பவை தமிழ் பயில்வோரும் பயிற்றுவோரும் அறியத்தக்க செய்திகளாகும்.

சொல்லில் நிற்கும் கோல்

தமிழில் ஒழுக்கத்தைக் குறிக்கும் சொற்கள் பல, கோலிலிருந்தும் நேர்கோட்டிலிருந்தும் பிறந்தவை. நேராக நிற்பது நேர்மை. வளைவது கோட்டம், ஒருபாற் கோடாமல் நிற்பது நடுவுநிலைமை. நிறுப்பதற்குரிய 'சீர்தூக்கல்' என்னும் சொல்லே ஆராய்ந்து முடிவு செய்வதற்கும் வழங்குகின்றது. மன்னன் கையில் இருப்பதும் கோல். வணிகன் கையில் இருப்பதும் கோல். நிலம் அளப்பவன் கையில் இருப்பதும் கோலே. முறையான ஆட்சியைச் செங்கோல் என்றும், முறை தவறிய ஆட்சியைக் கொடுங்கோல் என்றும் தமிழர் கூறினர். ஆட்சியின் பிழையும் கடைக்காரனின் பிழையும் ஒரே சொல்லால் அளக்கப்பட்டமை கருதத்தக்கது.

தொல்காப்பியர் தம் எழுத்ததிகாரத்தில், அளவுப் பெயர்க்கும் நிறைப் பெயர்க்கும் மொழிமுதலாக வரும் எழுத்துகள் ஒன்பது என வரையறுத்தார். கலம், நாழி, உழக்கு என்பன முகந்து அளக்கும் அளவின் பெயர்கள். கழஞ்சு, பலம் என்பன நிறையின் பெயர்கள். சந்தையில் வழங்கிய சொற்கள் இலக்கண நூலில் தனியே எண்ணி வைக்கப்படும் அளவுக்கு அன்றைய வாழ்வில் இடம் பெற்றிருந்தன என்பது இதனால் விளங்கும்.

திருக்குறளின் 12ஆம் அதிகாரமாகிய நடுவுநிலைமையில் வள்ளுவர் சான்றோர்க்கு உவமையாகக் காட்டுவது துலாக்கோலையே. அவ்வதிகாரத்தின் இறுதியில் அவர் வணிகரை நோக்கிப் பேசுகின்றார்; பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே நல்ல வாணிகம் என்கின்றார். கள்ளாமையை 29ஆம் அதிகாரமாகவும், வாய்மையை 30ஆம் அதிகாரமாகவும் அவர் அடுத்தடுத்து வைத்துள்ளார். களவும் பொய்யும் அக்காள் தங்கையர் அல்லவா? அளவைக் கள்ளத்தில் இவ்விரண்டும் ஒன்றாகவே வருகின்றன. கை திருடுகின்றது, கோல் பொய் சொல்கின்றது.

கள்ளம் செய்யும் வழிகள்

முதலில் மரக்காலை நோக்குவோம். எட்டு நாழி கொண்டது ஒரு மரக்கால். பன்னிரண்டு மரக்கால் கொண்டது ஒரு கலம். மரக்காலின் அளவில் பிழை ஏதும் இல்லாவிடினும் அளக்கும் கையில் பிழை இருக்கலாம். நெல்லைத் தாழ்வாகப் பிடித்து மெல்லச் சரித்தால் மணிகளுக்கு இடையே வெற்றிடம் மிகுந்து நிற்கும். உயரத்திலிருந்து கொட்டி மரக்காலைக் குலுக்கினால் மணிகள் நெருங்கி அமரும். ஆகவே விற்பவன் மெல்லச் சரிப்பான். வாங்கும்போது அவனே குலுக்கி அளப்பான். தலையை வழித்து அளப்பதா, குவித்து அளப்பதா என்பதிலும் வேறுபாடு உண்டு. களத்தில் நெல் அளப்போர் 'ஒன்று' என்று தொடங்காமல் 'லாபம்' என்று தொடங்கி, 'இரண்டு, மூன்று' என இசையோடு எண்ணிக்கொண்டே போவர். அந்த இசையின் விரைவில் ஓர் எண்ணைத் தாண்டிவிடுவதும் கைகாரர்க்கு அரிதன்று.

அடுத்தது இருதட்டுத் தராசு. தட்டின் அடியில் மெழுகோ புளியோ ஒட்டுவது சிறுவரும் அறிந்த தந்திரம். அதனினும் நுட்பமானது கோலின் ஒரு கையைச் சற்றே நீட்டி விடுவதாகும். நீண்ட கையில் தொங்கும் பொருள், குறைந்த நிறையிலேயே மறுபுறக் கல்லுக்குச் சமமாகிவிடும். குறுகிய கையின் தட்டைச் சிறிது கனமாகச் செய்துவிட்டால், வெறுந்தராசு நேராகவே நிற்கும். பார்ப்பவர்க்கு ஐயம் எழாது. ஆனால் இக்கள்ளத்தைக் கண்டுபிடிக்கும் வழி மிக எளியது. பொருளையும் கல்லையும் தட்டு மாற்றி வைத்தால் போதும். நேர்மையான தராசு மீண்டும் நேராக நிற்கும். கள்ளத் தராசு ஒருபுறம் சாய்ந்து தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது, ஒற்றைத் தட்டுக் கோல். தமிழகத்தில் வெள்ளிக்கோல் என வழங்கியது இவ்வகையைச் சார்ந்தது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் காய்கறிச் சந்தை முதல் மருந்துக் கடை வரை வழங்கிய டாச்சிங்கும் இவ்வகையதே. கோலின் ஒரு முனையில் தட்டோ கொக்கியோ இருக்கும். அதற்கு அருகில் தூக்குக் கயிறு. மறுபுறம் புள்ளியிட்ட நீண்ட தண்டு. அதன்மேல் நகரும் ஒரே ஒரு குண்டு. குண்டைக் குடைந்து இலேசாக்கினால், பொருளைச் சமன் செய்ய அதனை இன்னும் வெளியே தள்ள வேண்டும். புள்ளியோ கூடுதல் எடையைக் காட்டும். எனவே கள்ள வணிகன் விற்பதற்கு இலேசான குண்டையும், வாங்குவதற்குக் கனத்த குண்டையும் வைத்திருப்பான். சில கோல்களில் இரு கயிறுகள் உண்டு. சிறு பொருளுக்கு ஒன்று, பெரும் பொருளுக்கு ஒன்று. ஒரு கயிற்றால் தூக்கி, மற்றதன் புள்ளியைப் படித்தால் போதும். புள்ளி படிக்கத் தெரியாதவர் அதனை எங்ஙனம் அறிவார்?

இவ்வழிகள் யாவற்றுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. கள்ளம் கோலில் மட்டும் இல்லை. கோலைப் படிக்கும் அறிவு ஒருவரிடம் மட்டும் இருப்பதில் உள்ளது. ஒரு பக்கத்தார்க்கு மட்டும் தெரியும் அளவே கள்ளத்தின் விளைநிலம்.

கல்லில் வைத்த காப்பு

இவ்வுண்மையை முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். அவர்கள் வணிகனின் நற்குணத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. அளவையையே ஊரார் கண்முன் கொண்டுவந்து வைத்தனர். தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றின் சுவரிலும் அடித்தளத்திலும் நிலம் அளக்கும் கோலின் நீளம் வெட்டி வைக்கப்பட்டுள்ளது. நிலம் அளக்க வந்தவனின் கோல் குறைந்ததோ கூடியதோ என்ற ஐயம் எழுந்தால், அதனைக் கொண்டுபோய்ச் சுவரிலுள்ள கோட்டோடு ஒப்பிடலாம். மரக்கோலை இரவில் நறுக்கலாம். கோயிற் சுவரை நறுக்க இயலுமா?

தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்பிய முதலாம் இராசராசன் 985 முதல் 1014 வரை ஆண்டவன். அக்கோயிலின் கல்வெட்டுகள் இவ்வகையில் வியக்கத்தக்கவை. கோயிலுக்குத் தந்த பொன் 'ஆடவல்லான்' என்னும் பெயருடைய கல்லால் நிறுக்கப்பட்டது. மணிகளும் நகைகளும் 'தட்சிணமேரு விடங்கன்' என்னும் கல்லால் நிறுக்கப்பட்டன. நெல் அளந்த மரக்காலுக்கும் ஆடவல்லான் என்றே பெயர். அஃது இராசகேசரி என்னும் மரக்காலுக்கு ஒப்பானது என்றும் குறிக்கப்பட்டுள்ளது. கல்லுக்கு இறைவன் பெயரை இட்டமையால், அதனைக் குறைத்தல் களவு மட்டுமன்றித் தெய்வக் குற்றமும் ஆயிற்று.

நிறைகள் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என நுணுக்கமாகக் கூறப்பட்டன. ஒரு கழஞ்சுக்கு இருபது மஞ்சாடி. ஒரு மஞ்சாடிக்கு இரண்டு குன்றி. நகையின் எடையில் அரக்கு முதலியன சேர்ந்துள்ளனவா என்பதையும் கல்வெட்டு எழுதியோர் விடாமல் குறித்தனர். மன்னன் கொடுத்த பொருளுக்கே இத்துணைக் கணக்கு வேண்டியிருந்தது. நம்பிக்கை இன்மையால் எழுந்த கணக்கன்று அது. நம்பிக்கையைக் காப்பதற்காக எழுந்த கணக்கு.

உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறைக்குப் பெயர்பெற்றவை. ஊர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடியும் குடவோலைக்குத் தகுதியற்றவன் என அவை கூறுகின்றன. அவனுடைய நெருங்கிய உறவினர்க்கும் அத்தகுதி மறுக்கப்பட்டது. பொருளைத் திருடினான் என்று மெய்ப்பித்த பிறகே விலக்குதல் என்பதன்று இம்முறை. பலரும் காணக் கணக்கை வைக்கவில்லை என்பதே அவனை விலக்கப் போதுமானதாயிற்று.

இலக்கியமும் இதையே காட்டுகின்றது. சிலப்பதிகாரத்தில் அரசியின் சிலம்பைக் கவர்ந்த பொற்கொல்லன், பழியைக் கோவலன்மேல் ஏற்றினான். மன்னன் ஒருவர் சொல்லைமட்டும் கேட்டு முடிவு செய்தான். உண்மை எப்போது வெளிப்பட்டது? அவையோர் காணச் சிலம்பை உடைத்து, உள்ளிருந்த பரல் முத்தன்று, மாணிக்கம் என்பதைக் கண்ணகி காட்டியபோதே. திறந்து பாராத சிலம்பு ஓர் உயிரைக் கொண்டது. திறந்து பார்த்த சிலம்பு ஓர் அரசையே தீர்ப்புக்கு உட்படுத்தியது.

மேலைநாட்டிலும் இவ்வுணர்ச்சி இருந்தது. 1215ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஜான் மன்னன் இசைந்த மகா சாசனத்தில், திராட்சை மதுவுக்கும் தானியத்துக்கும் நாடு முழுவதும் ஒரே அளவை வேண்டும் என்னும் விதி இடம்பெற்றது. உரிமைச் சாசனத்தில் முகத்தலளவைக்கு என்ன வேலை என்று கேட்பவர், அளவை இல்லாத இடத்தில் உரிமையும் இல்லை என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இழப்பு யாருக்கு?

'ஒரு கைப்பிடி குறைந்தால் என்ன குடி முழுகிவிடும்?' என்பது கள்ள வணிகன் தன் மனத்துக்குச் சொல்லும் ஆறுதல். கணக்கு வேறு கூறுகின்றது. மலாயாவில் முன்பு வழங்கிய நிறையில் பதினாறு தாஹில் ஒரு காத்தி. நூறு காத்தி ஒரு பிக்குல். ஒரு காத்தி என்பது ஏறத்தாழ 605 கிராம். காத்திக்கு ஒரு தாஹில் மட்டும் குறைத்து நிறுக்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். மாதம் நாற்பது காத்தி அரிசி வாங்கும் குடும்பம் மாதந்தோறும் இரண்டரைக் காத்தியை இழக்கும். ஆண்டு முடிவில் இழப்பு முப்பது காத்தி. முக்கால் மாத அரிசி போயிற்று! நூறு குடும்பங்கள் அக்கடையில் வாங்கினால் கடைக்காரனுக்கு ஓராண்டில் முப்பது பிக்குல் அரிசி விலையின்றிக் கிட்டும். நூறு வீட்டாரில் ஒருவரும் தாம் திருட்டுக் கொடுத்ததாக அறியார்.

செல்வர் மூட்டையாக வாங்குகின்றனர். அவர்க்கு நிறுவை ஒருமுறைதான். ஏழையர் அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்று வாங்குகின்றனர். ஒவ்வொரு முறையும் கோல் தூக்கப்படுகின்றது. ஒவ்வொரு தூக்கிலும் ஒரு துளி கசிகின்றது. கடனுக்கு வாங்குவோரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பற்று எழுதும் ஏடும் கடைக்காரனிடம், கோலும் கடைக்காரனிடம். குறைந்த நிறையை எடுத்துக் கேட்டால் நாளைக்குக் கடன் கிடைக்காது. எனவே வாய் மூடுகின்றது. அளவைக் கள்ளம் ஏழ்மையை உண்டு வளர்கின்றது என்பது மிகைக்கூற்றன்று.

கூலியை அளக்கும் இடத்தில் இக்கொடுமை இரட்டிப்பாகும். தஞ்சை மாவட்டத்தின் கீழ்ப்பகுதியில் நெல்லே கூலியாக அளக்கப்பட்டது. 1940களில் அங்கு உழவுத் தொழிலாளர் எழுப்பிய கோரிக்கைகளுள், முத்திரையிட்ட மரக்காலால் கூலி அளக்க வேண்டும் என்பதும் ஒன்று. கூலியை உயர்த்துக என்பதற்கு முன்னே, சொன்ன கூலியையாவது சரியாக அளந்து கொடுங்கள் என்று கேட்க வேண்டியிருந்தது.

பாலை நிறுத்தல்

தஞ்சை, திருச்சி, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து மலாயா வந்த தமிழர், மரக்காலை விட்டு ரப்பர்ப் பால் நிறுக்கும் கொட்டகைக்கு வந்து சேர்ந்தனர். ரப்பர்ப் பாலின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே ரப்பர். எஞ்சியதில் பெரும்பகுதி நீர். மரத்துக்கு மரமும் பருவத்துக்குப் பருவமும் இவ்விகிதம் மாறும். எனவே பாலின் எடையை மட்டும் அறிந்தால் போதாது. அதில் ரப்பர் எவ்வளவு என்பதையும் அறிய வேண்டும்.

இதற்கு மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவி பயன்பட்டது. ரப்பர் நீரினும் இலேசானது. ஆகவே ரப்பர் மிகுந்த பாலில் மிதவை ஆழ்ந்து இறங்கும். நீர் மிகுந்த பாலில் உயர்ந்து நிற்கும். எளிய கருவிதான். ஆனால் அதன் தண்டிலுள்ள எண்ணைப் படிப்பவர் ஒருவர். வரிசையில் வாளியுடன் நிற்பவர் பலர். விடியுமுன் எழுந்து மரம் சீவிய கைக்கு அந்த எண்ணைப் படிக்கும் பயிற்சி அளிக்கப்படவில்லை. படிப்பவர் நேர்மையானவராயின் கவலை இல்லை. அவர் நேர்மையானவரா என்பதை அறிய வழியில்லாமை அன்றோ கவலை!

மறுபுறமும் கள்ளம் இல்லாமலில்லை. பாலில் நீரைக் கலப்பதும், ஒட்டுப்பாலில் மண்ணையும் பட்டையையும் சேர்த்து எடை கூட்டுவதும் சந்தை அறிந்த செய்திகளே. வாங்குவோர் 'இவர்கள் நீர் கலப்பார்கள்' என்று முன்னதாகவே எடையைக் குறைத்தனர். விற்போர் 'எப்படியும் குறைப்பார்கள்' என்று முன்னதாகவே நீரைக் கலந்தனர். இத்தகைய இடத்தில் அழிந்துபோவோர் யார்? நீர் கலவாமல் பால் கொண்டுவரும் நேர்மையாளரே. அவருடைய நல்ல பாலுக்கும் கலப்படப் பாலின் விலையே கிடைக்கும். நேர்மைக்குத் தண்டனை விதிக்கும் சந்தையில் நேர்மை நெடுநாள் தங்காது. பொய்க்கோல் ஒருவரை மட்டும் ஏமாற்றுவதில்லை. எல்லாரையும் ஏமாற்றுவோராக மாற்றிவிடுகின்றது.

கூட்டுறவும் சட்டமும்

இந்நோய்க்கு மக்களே கண்ட மருந்து ஒன்று உண்டு. 1844ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராக்டேல் நகரில் தொழிலாளர் சிலர் கூடித் தமக்கென ஒரு கடை திறந்தனர். கலப்படமில்லாப் பொருள், குறைவில்லா நிறை என்பன அவர்தம் கொள்கைகளுள் முதன்மை பெற்றன. வாங்குவோரே கடைக்கு உடையவராயின் குறைத்து நிறுத்து யாரை ஏமாற்றுவது? இன்றைய கூட்டுறவு இயக்கம் அக்கடையையே தன் முன்னோடியாகப் போற்றுகின்றது. மலாயாவில் 1922ஆம் ஆண்டில் கூட்டுறவுச் சட்டம் வந்த பின், தோட்டத் தொழிலாளரிடையேயும் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின.

அரசும் தன் பங்கைச் செய்தது. மலேசியாவில் 1972ஆம் ஆண்டிலும், சிங்கப்பூரில் 1975ஆம் ஆண்டிலும் நிறைகள் அளவைகள் பற்றிய சட்டங்கள் இயற்றப்பட்டன. காத்தியும் பிக்குலும் நீங்கிக் கிலோகிராம் வந்தது. வணிகத்துக்குப் பயன்படும் தராசைச் சோதித்து முத்திரையிடும் முறையும் சட்டத்தின் காப்பைப் பெற்றது. காத்தி என்னும் சொல் சந்தைப் பேச்சில் இன்னும் உலவினாலும், அதன் ஆட்சி முடிந்துவிட்டது.

இன்றைய தராசு

மின்தராசு வந்தபின் கள்ளம் மறைந்தது என எண்ணலாகாது. எண் தெளிவாகத் தெரிகின்றது. ஆனால் எதன் எண் என்பதே வினா. பொருளை வைக்குமுன் தராசு சுழியத்தில் நின்றதா? கூடையின் எடையும் பையின் எடையும் கழிக்கப்பட்டனவா? நண்டைக் கட்டிய ஈரக் கயிற்றுக்கும் நண்டின் விலையா? எண் காட்டும் முகம் வாங்குவோர் பக்கம் திரும்பியுள்ளதா? ஆயிரம் ஆண்டுக்கு முன் தஞ்சையில் அரக்கைக் குறித்துப் பொன் நிறுத்தவர்கள் கேட்டிருக்கக்கூடிய கேள்விகளே இவை.

பொதியிட்ட பண்டங்களில் மற்றொரு வகையைக் காணலாம். விலையும் பெட்டியும் மாறாமல் இருக்க, உள்ளிருக்கும் எடை மட்டும் குறைக்கப்படுகின்றது. எடை பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருப்பதால் சட்டப்படி பொய் இல்லை. ஆயினும் வாங்குவோர் பழைய பெட்டி என்று நம்பியே எடுப்பார் என்பதை விற்போர் நன்கு அறிவர். பொய் சொல்லாமலே ஏமாற்றும் கலை இது. இதற்கும் மருந்து ஒன்றே: படித்துப் பார்க்கும் பழக்கம்.

இவ்விடத்தில் ஆசிரியரின் பணி முன்னிற்கின்றது. பள்ளிகளில் அளவை வாய்பாடு மனப்பாடம் செய்விக்கப்படுகின்றது. அத்துடன் தராசு ஒன்றையும் வகுப்புக்குக் கொண்டுவந்து வைக்கலாம். வெறுந்தராசு சுழியத்தில் நிற்கின்றதா என்று பார்க்கவும், தட்டு மாற்றி நிறுக்கவும், பையின் எடையைக் கழிக்கவும், பொதியின் மேல் உள்ள எடையைப் படித்து நூறு கிராமுக்கு விலை என்ன என்று கணக்கிடவும் பிள்ளைகள் பழகுதல் வேண்டும். கடையில் நின்று, 'ஐயா, தராசை இப்பக்கம் திருப்புங்கள்' என்று பணிவோடு கேட்கும் துணிவும் கல்வியின் பயனே. நேர்மையுள்ள வணிகர் இக்கேள்விக்கு வருந்தார்; தம் நேர்மையைக் காட்டிக்கொள்ள வாய்ப்பு நேர்ந்தது என்று மகிழ்வர்.

'திருடாதே, பொய் சொல்லாதே' என்று கற்பிப்பது அறத்தின் ஒரு பாதி. திருட்டுக் கொடுக்காத அறிவைத் தருவது மறுபாதி. இரண்டும் கூடிய இடத்தில்தான் கோல் கோணாது நிற்கும்.